அவருடைய ஸ்வெட்டரைப் பிரிக்கலாமா? பெண் வேண்டாம் என்கிறாள்

யமுனைக்கரை
அக்டோபர் 7, மாலை 6:20

எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தில்லித் தமிழர் தளத்தில் முருங்கைக்காய் எங்கே கிடைக்கும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தட்கால் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒரு ஸ்வெட்டர். என் கணவர் போய், ஆவணியில் வருஷாப்திகம், அதாவது முதல் வருடத் திவசம், முடிந்தது. கொலுப் பெட்டிகளைப் பரணில் ஏற்றுகிற கையோடு குளிர்காலத் துணி டிரங்க்கை இறக்கி வெயிலில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். போன வருடம் அதைத் திறக்கவே இல்லை. இந்த வருடம் திறந்தால், அவருடைய மெரூன் கலர் ஃபுல் ஸ்வெட்டரில் இரண்டு முழங்கையையும் பூச்சி அரித்திருக்கிறது, ஒரு கையில் மணிக்கட்டுப் பக்கம் நூல் நூலாகத் தொங்குகிறது. அந்துருண்டை போட்டுத்தான் வைத்தேன், அது எப்போதோ கரைந்து போயிருக்கிறது.

கடையில் வாங்கியது இல்லை. 1987ல் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது மாடி வீட்டுப் பஞ்சாபி அக்கா பின்னிக் கொடுத்தது. கும்பகோணத்திலிருந்து வந்த மனிதர், குளிர் என்றால் ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போவார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அந்த அக்கா என்னைக்கூடக் கேட்காமல் இவரை நிற்க வைத்து அளவெடுத்துவிட்டாள். அந்தக் குவார்ட்டர்ஸையே இடித்தாகிவிட்டது, ஸ்வெட்டர் இருக்கிறது.

எனக்குப் பின்னல் தெரியாது. அதாவது போன குளிர்காலம் வரை தெரியாது. இங்கே மயூர் விஹாரில் எங்கள் பிளாக்கில் எல்லோரும் பிஜி என்று கூப்பிடுகிற பஞ்சாபிப் பாட்டி ஒருத்தி இருக்கிறாள், பிரிவினையின்போது கைக்குழந்தையாக வந்து சேர்ந்தவள். போன தை மாதம் கதவைத் தட்டி, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல், "வெயில் போயிடும், வா" என்று பார்க்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். போனதும் கையில் இரண்டு சலாய், பின்னல் ஊசி. ஒரு வரிசை சீதா, அதாவது நேர்ப்பின்னல், ஒரு வரிசை உல்டா, எதிர்ப்பின்னல், அவ்வளவுதான் பாடம். அங்கே பட்டாணி உரிப்பவள் ஒருத்தி, வேர்க்கடலைத் தோலை என் புடவை மேல் ஊதுபவள் ஒருத்தி, மருமகளைத் திட்டுவதற்கென்றே வருபவள் ஒருத்தி. யாரும் என்னிடம் எப்படிப் போனார், என்ன வியாதி என்று கேட்கவில்லை. மாசி பிறந்த பிறகு நானாகத்தான் சொன்னேன், பின்னலின் கண்களை எண்ணிக்கொண்டே.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்த ஸ்வெட்டரைப் பிரித்து, நல்ல நூலை மட்டும் எடுத்துப் பேரனுக்கு ஏதாவது பின்னலாம் என்று எனக்கு ஆசை. புனேயில் இருக்கிற பெண்ணிடம் போனில் சொன்னேன். "அப்பா ஸ்வெட்டர்ல கை வெச்சே, தீபாவளிக்கு நான் வரவே மாட்டேன்" என்று வைத்துவிட்டாள். இதற்கு நடுவில் ஒரு சீமந்தத்தில் எங்கள் உறவுக்கார அம்மாள் ஒருத்தி, "வருஷம் முடியறதுக்குள்ளயே பார்க்ல உட்கார்ந்து சிரிச்சிண்டிருந்தாளாமே" என்று என் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். ஆமாம், சிரித்தேன். அதற்கு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. ஸ்வெட்டருக்கு மட்டும் யோசனை சொல்லுங்கள்.


சீதா_உல்டா
அக்டோபர் 7, இரவு 9:05

மாமி, ஆசையையும் அழுகையையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் ஸ்வெட்டரை உள்புறம் வெளியே திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். கடை ஸ்வெட்டர் என்றால் பெரும்பாலும் துணியை வெட்டி ஓவர்லாக் அடித்திருப்பார்கள். அதைப் பிரித்தால் வரிசைக்கு ஒரு துண்டாக நூல் வரும், குப்பையில்தான் போட வேண்டும். உங்களுடையது கைப்பின்னல், அதனால் அந்தக் கவலை இல்லை. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை எல்லாம் தனித்தனியாகப் பின்னி, அதே நூலால் இணைத்திருப்பாள் அந்த அக்கா. அந்த இணைப்பு நூலை மட்டும் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பொறுமை வேண்டும், வெளிச்சமும் வேண்டும், டியூப்லைட்டில் செய்யாதீர்கள், மெரூனில் ஒன்றும் தெரியாது.

பின்னலை முடித்த பக்கத்திலிருந்துதான் நூல் ஓடி வரும். கை என்றால் மணிக்கட்டில் ஆரம்பித்துத் தோளில் முடிப்பது வழக்கம், ஆகவே தோள் பக்கத்திலிருந்து பிரியுங்கள். பிரித்த நூல் சுருள் சுருளாக வரும், பயப்பட வேண்டாம். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ விட்டு ஊறவைத்து, பிழியாமல் எடுத்து, அடியில் ஏதாவது கனமாகத் தொங்கவிட்டுக் காயப்போட்டால் சுருள் நேராகிவிடும். நான் ஊறுகாய் பாட்டில் தொங்கவிடுவேன்.

இன்னொன்று. அரித்தது பறக்கிற பூச்சி இல்லை, அதன் புழு. சுத்தக் கம்பளி, பட்டு இதெல்லாம்தான் அதற்குச் சாப்பாடு, கேஷ்மிலான் மாதிரி செயற்கை நூலைத் தொடாது. முட்டை இன்னும் அதிலேயே இருக்கலாம். ஸ்வெட்டரைப் பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வையுங்கள். வீட்டில் யாராவது ஐஸ்கிரீம் என்று நினைத்துத் திறந்தால் நான் பொறுப்பில்லை.

பிரிக்கலாமா கூடாதா என்பது உங்களுக்கும் உங்கள் பெண்ணுக்கும் நடுவில். ஆனால் ஃப்ரீஸர் வேலையை இன்றைக்கே செய்யுங்கள், அது இரண்டு கட்சிக்கும் பொது.


ஆசாரம்
அக்டோபர் 8, காலை 6:40

போனவர்கள் உடுத்தியதை வீட்டில் வைத்துக்கொள்வதே தப்பு. அதைப் பிரித்துக் குழந்தைக்குப் பின்னுவதா? பெரியவர்கள் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. கம்பளி தானம் கொடுத்தால் புண்ணியம், தில்லியில் குளிரில் நடுங்குகிறவர்களுக்குப் பஞ்சமா? கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் அம்மா. வருடம் முடியும் வரை கொண்டாட்டம் வேண்டாம் என்று வைத்ததும் ஒரு நல்ல எண்ணத்தில்தான், இன்றைக்கு எல்லோரும் அதைக் கேலி செய்கிறார்கள்.


பழைய_கரோல்பாக்
அக்டோபர் 8, காலை 11:15

ஆசாரம் சார், என் அப்பாவின் கம்பளிக் கோட்டை நான் ரிடையர் ஆகும் வரை போட்டேன். பையில் அவர் வைத்திருந்த பொடி டப்பா கூட அப்படியே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை, தும்மல் மட்டும் வந்தது. தானம் நல்லதுதான், அதற்குப் பூச்சி அரித்த ஸ்வெட்டர் எதற்கு, புதுக் கம்பளி வாங்கிக் கொடுங்கள்.

ஆனால் வருடத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதில் பாதி எனக்கு ஒப்புதல். என் மனைவி இறந்த வருடம் மாசிகம், சோதகும்பம், தர்ப்பணம் என்று மாதா மாதம் ஏதாவது ஒரு வேலை, வீட்டில் நாலு பேர், சமையல்காரர், வாத்தியார் தட்சிணைக்குச் சில்லறை. அந்த வேலை இருந்ததால் நாள் ஓடியது. வருஷாப்திகம் முடிந்த மறுநாள்தான் எனக்கு வினை வந்தது. அன்றைக்குக் காலையில் காபி போட்டு உட்கார்ந்தால் செய்ய ஒன்றுமே இல்லை. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து கொலு அவள் இலாகா. எனக்குப் பரணிலிருந்து பெட்டியை இறக்குவதும் ஏற்றுவதும் மட்டும்தான் வேலை, கூலி ஒரு கிண்ணம் சுண்டல். துக்க வருடம் முடிந்து வந்த நவராத்திரிக்கு இறக்கிப் பார்த்தால், செட்டியார் பொம்மைக்கு மூக்கு இல்லை, தசாவதாரத்தில் வாமனருக்குக் குடை இல்லை, கிருஷ்ணனின் கை தனியாகக் கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. ஹார்ட்வேர் கடையில் எம்சீல் என்கிற ஒட்டுப்பசை வாங்கினேன். இரண்டு உருண்டையையும் சேர்த்துப் பிசைந்து கையில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வடிவம் கொண்டுவர வேண்டும், அப்புறம் இறுகிவிடும். செட்டியாருக்கு முதலில் நான் வைத்த மூக்கைப் பார்த்து என் தம்பி, "இது செட்டியார் இல்லை, நம்ம மாமா" என்றான். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் போன பிறகு அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்து, அதன் மேல் அக்ரிலிக் கலர். பழைய காகிதக்கூழ் பொம்மைக்குத் தண்ணீர் ஆகாது, உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதோடு சரி. கண்ணைக் கடைசியில்தான் எழுதுவேன், மூன்று சைபர் தூரிகை, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவசரப்பட்டால் சரஸ்வதிக்கு ஒன்றரைக் கண் வந்துவிடும். இந்த நவராத்திரிக்கு எங்கள் தெருவில் மற்ற வீட்டுப் பொம்மைகளும் என்னிடம் வந்தன. கூலி அதே சுண்டல்தான், ஆனால் இப்போது பல வீட்டுச் சுண்டல்.

அம்மா, பிரியுங்கள். ஆனால் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். அவளுக்கு ஸ்வெட்டர் போவது கஷ்டமா, தான் இல்லாதபோது போவது கஷ்டமா என்று பார்க்க வேண்டும்.


மாடிவெயில்
அக்டோபர் 8, இரவு 11:50

எல்லோரும் கைவேலை கைவேலை என்கிறீர்கள், நான் மட்டும் மாற்றிச் சொல்கிறேன், திட்டாதீர்கள்.

அம்மா 2021 மே மாதம் போனார். அந்தக் கொரோனா மாதத்தில் தில்லி எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக முகம் பார்க்கவில்லை. அதற்கப்புறம் பார்க்கிறவர்கள் எல்லாம் எம்ப்ராய்டரி கற்றுக்கொள், மண்டலா போடு, தஞ்சாவூர் ஓவியம் கிளாஸ் ஆன்லைனில் இருக்கிறது என்று ஒரே பாடம். ஒருத்தி பெட்டி நிறைய நூலும் வளையமும் அனுப்பிவிட்டாள். ஊசியைக் கையில் எடுத்தாலே எனக்கு ஆத்திரம்தான் வந்தது, அந்தப் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. துக்கத்தில் இருக்கிறவள் ஏதாவது அழகாகச் செய்து காட்ட வேண்டும் என்று என்ன கட்டாயம்?

என்னைத் தூக்கி நிறுத்தியது பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி. டிடிஇஏ என்கிற தில்லித் தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்ச். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்வாள். "என்ன சாப்பிட்டே?" சொல்வேன். "உங்கப்பா என்ன சாப்பிட்டார்?" சொல்வேன். "சரி, வைக்கிறேன்." அவ்வளவுதான். சாப்பிடாத நாளில் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள், எப்படி என்று தெரியாது. ஒன்பது மணிக்கு ஒருத்தி கேட்பாளே என்று எட்டரைக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். அவளும் அந்த வருடம் வேலை போய் வீட்டில் இருந்தவள் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்புறம் அப்பா. எங்கள் வீட்டில் அப்பாவும் பெண்ணும் உட்கார்ந்து பேசுகிற பழக்கமே கிடையாது, எல்லாம் அம்மா வழியாகத்தான். மறு வருடம் மே மாதம் அப்பா திடீரென்று ஜவ்வரிசி ஊறப்போட்டார். அம்மா வருடா வருடம் துவாரகா மாடியில் வடாம் பிழிவாள், 45 டிகிரி வெயில் வீணாகப் போகக்கூடாது என்பாள். அளவு எழுதி வைக்கவில்லை. நாங்கள் போட்ட முதல் ஈடு உப்பு தூக்கல், இரண்டாவது ஈடு பிளாஸ்டிக்கை விட்டு வரவே இல்லை. லூ என்கிற அனல்காற்று அடித்தால் மதியத்துக்குள் சுக்காகக் காய்ந்துவிடும், ஆனால் சாயங்காலம் ஆந்தி, புழுதிப்புயல், வந்தால் அத்தனையிலும் மண். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடாமோடு ஓடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். இதைக் கைவேலை என்று சொல்வீர்களா என்று தெரியாது. எனக்கு அது அப்பாவோடு ஒரு சண்டை போடக் கிடைத்த இடம்.

உங்கள் பெண்ணின் பக்கம்தான் நான். ஸ்வெட்டர் உங்களுக்கு நூல், அவளுக்கு அப்பா. அம்மாவின் நைட்டி ஒன்றை நான் இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறேன். தயவு செய்து அவளைக் கேட்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.


இரண்டாம்ஷிப்ட்
அக்டோபர் 9, காலை 7:30

நைட் டியூட்டி முடிந்து மெட்ரோவில் எழுதுகிறேன், தட்டுப்பிழை இருக்கும். மனநலத் துறையில் செவிலியர் வேலை.

மாமியைப் பார்த்து "சிரித்தாளாமே" என்று சொன்னவருக்கும், மாடிவெயிலுக்கு வளையம் அனுப்பியவருக்கும் ஒரே எண்ணம்தான் பின்னால் இருக்கிறது. துக்கம் படிப்படியாக ஏறி இறங்கி ஒரு நாள் முடிந்துவிடும், அந்தந்தப் படியில் அந்தந்த மாதிரி இருக்க வேண்டும் என்பது. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைச் சொன்ன மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969ல் எழுதியது தாங்களே சாகப்போகிறோம் என்று அறிந்த நோயாளிகளைப் பற்றி. பின்னால்தான் அதைப் பிரிந்து நிற்பவர்கள் தலையிலும் கட்டினார்கள்.

எனக்குப் பார்த்த அனுபவத்தில் பொருந்துவது வேறு. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்குட் என்ற இருவர் 1999ல் எழுதியது. பறிகொடுத்தவர் மனசு இரண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி போய் வரும் என்கிறார்கள். ஒரு நேரம் போனவரையே நினைத்து அழுவது, ஒரு நேரம் கேஸ் புக் பண்ணுவது, வங்கிக்குப் போவது, புது ஆட்களோடு பழகுவது, சிரிப்பது. இரண்டுமே வேண்டும். ஒரு பக்கமே நின்றுவிட்டால்தான் கவலை. அழுவதே இல்லாமல் வேலை வேலை என்று ஓடுகிறவர்களும் எங்களிடம் வருகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். போனவரோடு உறவை அறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, வேறு விதமாக வைத்துக்கொள்ளலாம் என்றும் 1990களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் சொல்லி வருகிறார்கள். திவசம் கொடுக்கிற நமக்கு இது புதுச் செய்தி இல்லை.

பின்னலோ பொம்மையோ மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். மாமி எழுதியதைத் திரும்பப் படியுங்கள், கையில் வேலை இருந்ததால் யாருடைய முகத்தையும் பார்க்காமல் அவரால் சொல்ல முடிந்தது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாகியும் தினமும் அதே கனம், சாப்பாடு தூக்கம் இல்லை, கூடவே போய்விடலாம் என்ற நினைப்பு என்று யாருக்காவது இருந்தால் பார்க்கில் உட்காருவது போதாது. நீடித்த துக்கத்தை ஒரு நோயாகவே இப்போது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், சிகிச்சையும் இருக்கிறது. 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். லட்சுமி நகர் வந்துவிட்டது, இறங்கணும்.


ஆசாரம்
அக்டோபர் 9, காலை 8:10

நான் சிரிக்கக்கூடாது என்று சொல்லவில்லை.


பழைய_கரோல்பாக்
அக்டோபர் 9, காலை 8:25

சொல்லவில்லை சார். உங்களைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் கொலு உண்டா? உடைந்த பொம்மை இருந்தால் கொண்டு வாருங்கள்.


பாராபுல்லா_பையன்
அக்டோபர் 11, இரவு 10:30

நான் இங்கே வேலை விளம்பரம் பார்க்க வந்தவன், இந்த இழையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவங்களும் எழுதச் சொன்னாங்க. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

நாங்கள் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்துத் தமிழர் குடிசைப் பகுதியான ஜங்புரா மதராசி கேம்ப்பில் இருந்தோம். அப்பா போய் ஆறேழு வருடம். அப்பா போனபோது எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டது பக்கத்து வீட்டு அக்காமார்தான், பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் எங்கள் அடுப்பு பற்றவைக்க விடவில்லை. 2025 ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது, உங்களுக்கே தெரியும். எங்களுக்கு நரேலாவில் ஃப்ளாட். ஃப்ளாட் பட்டியலில் பெயர் வராதவர்கள் வேறு எங்கெங்கோ வாடகைக்குப் போய்விட்டார்கள். அம்மா சொல்கிறார்கள்: "உங்கப்பா போனப்ப அழ ஆள் இருந்துச்சு. வீடு போனப்ப எல்லாரும் அவங்கவங்க சாமானத் தூக்கிட்டு நின்னோம், யாரை யார் தேத்துறது."

ஜங்புராவில் நாலு வீட்டு வேலை அம்மாவுக்கு. நரேலாவிலிருந்து போக வர நாலு மணி நேரம், இரண்டு வீட்டை விட்டாச்சு. புது ஃப்ளாட்டில் கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் இல்லை, அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. விழுப்புரத்திலிருந்து பெரியம்மா வந்தபோது வயர் கட்டு கொண்டு வந்தாங்க. கல்யாணத்துக்கு முன்னே இரண்டு பேரும் கூடை போட்டு வித்தவங்களாம், எனக்கே அப்போதுதான் தெரியும். முதலில் சாதா முடிச்சு, கை பழகினதும் சிவன் கண், நெல்லிக்காய். நெல்லிக்காய் முடிச்சு போட்டுவிட்டு விரல் நுனியைக் காட்டினாங்க, சிவந்து தோல் உரிஞ்சிருந்தது, ஆனா முகத்தில் ஒரு சந்தோஷம். பிளாஸ்டிக் டேப்பை விரலில் சுத்திக்கிட்டுத்தான் இப்போ போடறாங்க.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துதான் போடுவாங்க, உள்ளே உட்கார மாட்டாங்க. அதைப் பார்த்து நாலாவது மாடியிலிருந்து ஒரு அக்கா வந்தது, பார்த்தால் அதுவும் கேம்ப்தான், கடைசிச் சந்து. இப்போது சாயங்காலம் ஐந்தாறு பேர். பீகார்ப் பெண் ஒன்றும் வந்து கற்றுக்கொள்கிறது, அதற்கு அம்மா ஹிந்தியில் சொல்வதைக் கேட்க வேண்டுமே, "ஊப்பர் போ, நீச்சே வா, டைட் பண்ணு". சண்டையும் நடக்கிறது, யார் கூடைக்கு யார் வயரை எடுத்தாங்க என்று.

மாமிக்கு அம்மா சொல்லச் சொன்னது இது. அப்பாவோட சட்டை ஒன்று இருந்தது, இடித்த அன்றைக்கு மூட்டையில் எங்கே போச்சோ தெரியல. இருக்கிறவங்க உடைச்சோ பிரிச்சோ எதுவோ செஞ்சு கிட்ட வெச்சுக்கோங்க. பொட்டியில பூட்டி வெச்சா பூச்சிதான் திங்கும்.


யமுனைக்கரை
அக்டோபர் 12, மதியம் 1:10

பாராபுல்லா தம்பி, அம்மாவுக்கு என் நமஸ்காரம். ஒரு கூடை எனக்கு வேண்டும், நூல் உருண்டைகள் போட்டு வைக்க. நிறம் அம்மா இஷ்டம், மெரூன் மட்டும் வேண்டாம்.

ஸ்வெட்டர் ஃப்ரீஸரில் இருக்கிறது. பெண்ணுக்கு இந்த இழையின் சுட்டியை அனுப்பினேன். படித்துவிட்டு, "மாடிவெயில் சரியாச் சொல்றா" என்று ஒரு வரி, அப்புறம் தீபாவளி டிக்கெட்டின் படம்.


நெறியாளர்
அக்டோபர் 12, மாலை 5:00

கூடை விலை, ஆர்டர் எல்லாம் தனிச்செய்தியில் பேசிக்கொள்ளுங்கள். போன் நம்பரைப் பொதுவில் போட வேண்டாம், இரண்டு பதிவுகளில் எடுத்திருக்கிறேன். எனக்கும் ஒரு கூடை.


யமுனைக்கரை
நவம்பர் 9, மாலை 4:45

கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து.

தீபாவளிக்குப் பெண் வந்தாள். முதல் இரண்டு நாள் ஸ்வெட்டரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் கங்கா ஸ்நானம், பட்சணம் எல்லாம் ஓய்ந்து, அவளே ஃப்ரீஸரிலிருந்து எடுத்தாள். மாடியில் வெயிலில் விரித்துப் போட்டு இரண்டு பேரும் பார்த்தோம். முன்பக்கம், பின்பக்கம் ஒரு ஓட்டை இல்லை. அரித்தது கைகள் மட்டும். அவள்தான் சொன்னாள், "கையை மட்டும் எடுத்துட்டா ஹாஃப் ஸ்வெட்டர் ஆயிடுமேம்மா, நான் போட்டுக்கறேன்." இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள், எனக்குப் பேரன் ஞாபகம்.

பிஜி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோள் இணைப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். முப்பத்தெட்டு வருடத் தையல், நூல் அப்படியே துணியோடு துணியாக ஒட்டிக் கிடந்தது. பெண் கத்தரித்தாள், நான் இழுத்தேன், பிஜி இரண்டு பேரையும் திட்டினாள். இடது கையின் உள்பக்கத்தில் ஓர் இடத்தில் நூலின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. அந்த அக்காவுக்கு நூல் தீர்ந்துபோய் வேறு நூல்கட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறாள் போல. அவர் அத்தனை வருடம் போட்டார், நான் அத்தனை வருடம் துவைத்தேன், ஒருத்தரும் பார்க்கவில்லை. பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பா ஆபீஸ் விட்டு வரும்போது அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்வேன் என்றாள், அழுதாள், நானும் அழுதேன். அப்புறம் பசித்தது, சாப்பிடப் போனோம்.

சீதா_உல்டா சொன்னபடி நாற்காலி, ஷாம்பூ, பாட்டில் எல்லாம் செய்தேன். நல்ல நூல் ஒரு குல்லாவுக்குத் தேறும். அக்குள் பக்கம் கண்களை எடுத்து இரண்டு சீதா இரண்டு உல்டா பார்டர் போட வேண்டும், பத்தாம் நம்பர் சலாயா, பதினொன்றா?

நவம்பர் பிறந்துவிட்டதே, பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறேன் என்று வங்கியில் காட்டுகிற மாதம். எங்கள் பார்க் கோஷ்டியில் முக்கால்வாசிப் பேர் ஃபேமிலி பென்ஷன்தான். எல்லோரும் சேர்ந்து இரண்டு இ-ரிக்‌ஷாவில் வங்கிக்குப் போனோம். பிஜியின் விரல் ரேகை மிஷினில் விழவில்லை, பின்னிப் பின்னித் தேய்ந்துவிட்டதாம். "எதிர்ல நிக்கறேன், தெரியலையா?" என்று அந்தப் பையனை ஒரு வழி பண்ணிவிட்டாள், கடைசியில் முகத்தைப் படம் எடுத்து முடித்தார்கள். திரும்பும்போது எல்லோருக்கும் ஆலு டிக்கி. இரண்டு நாளாகக் காற்று மோசம், பார்க்கில் உட்கார முடியவில்லை, என் வீட்டு ஹாலில்தான் கச்சேரி.


சீதா_உல்டா
நவம்பர் 9, மாலை 6:02

பார்டருக்குப் பதினொன்று. உடம்புக்கு ஒன்பது போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன், பார்டர் அதைவிட மெல்லிய சலாயில் போட்டால்தான் இறுக்கமாக நிற்கும். அக்குளில் கண்ணை நெருக்கமாக எடுக்காதீர்கள், அலை அலையாக விரிந்துவிடும். நாலு வரிசைக்கு மூன்று கண் என்று எடுங்கள். முடிக்கும்போது தளர்வாக மூடுங்கள், இல்லையென்றால் உங்கள் பெண்ணுக்குக் கை நுழையாது, மறுபடியும் சண்டை.


மாடிவெயில்
நவம்பர் 9, இரவு 9:20

மாமி, ஆலு டிக்கி வரைக்கும் படித்தேன், தோழியிடமிருந்து போன் வந்துவிட்டது. உங்கள் ஹாலுக்கு நான் வரலாமா? பின்னல் எல்லாம் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியைக் கொண்டு வந்து யாருக்காவது கொடுத்துவிட்டுக் கடலை தின்கிறேன்.


யமுனைக்கரை
நவம்பர் 9, இரவு 9:31

அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. வடாம் இருந்தால் கொண்டு வா, உப்பு தூக்கலாக இருந்தாலும் பரவாயில்லை.


ஆசாரம்
நவம்பர் 10, காலை 6:15

கரோல்பாக் சார், எங்கள் வீட்டில் ஒரு ராமர் பட்டாபிஷேகம் செட், என் தாயாருடையது. அனுமார் வால் ஒடிந்திருக்கிறது, பரதனுக்கு நிறம் போயிருக்கிறது. மண் பொம்மை. எங்கே கொண்டு வர?


பழைய_கரோல்பாக்
நவம்பர் 10, காலை 7:00

வால் கஷ்டம், உள்ளே கம்பி வைக்க வேண்டும். ஆனால் செய்யலாம். பரதன் சுலபம், பழைய நிறத்தின் பொட்டு எங்கேயாவது மடிப்பில் மிச்சம் இருக்கும், அதைப் பார்த்துக் கலந்துகொள்வேன், நீங்களாகத் துடைத்துவிடாதீர்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆர்.கே. புரம் மலை மந்திர் வாசலுக்கு வந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். பழைய வேட்டியில் சுற்றுங்கள், ஒடிந்த வால் துண்டைத் தனியாகப் பொட்டலம் கட்டி மறக்காமல் கொண்டு வாருங்கள்.